கண்ணுபட்ட ரொட்டி

செவந்தி தன் ஐம்பத்துமூன்றாவது வயதில் ரொட்டி சுடப் படிக்கப் போனதற்குக் காரணம் ரொட்டி இல்லை. அதுவரை அவள் ரொட்டியை இரண்டே தடவைதான் தின்றிருந்தாள். இரண்டு தடவையும் காய்ச்சல். உடம்பு சுகமாக இருக்கும்போது ரொட்டி தின்பது, கால் நன்றாக இருக்கும்போது கட்டை ஊன்றி நடப்பதைப் போன்றது என்பது புங்கவயலில் பொதுவான அபிப்பிராயம்.

அது அறுபத்தைந்தாம் வருஷம். இரண்டாவது வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. கண்மாயில் தண்ணீர் இருந்த இடத்தில் ஆடு மேய்ந்தது. அரிசிக்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். வரிசையின் முடிவில் கோதுமை கிடைத்தது. ஜனங்களுக்குக் கோதுமையைத் தின்னத் தெரியவில்லை என்று யாரோ ஓர் அதிகாரி ஏதோ ஒரு காகிதத்தில் எழுதினார். அந்தக் காகிதம் மேசை மேசையாக ஏறி இறங்கி, கடைசியில் அரிமளம் பக்கத்துக் கிராமங்களுக்குப் பத்து நாள் ரொட்டி வகுப்பாக வந்து சேர்ந்தது. ஊருக்கு ஒரு பெண் என்று உத்தரவு. புங்கவயலுக்கு ஆள் பிடிக்க வந்தவள் கிராம சேவிகா அடைக்கலமேரி. இருபத்துநான்கு வயது. சைக்கிளில் வருவாள். கேரியரில் ஒரு நோட்டு, ஒரு குடை, சர்க்காரின் நம்பிக்கை முழுவதும்.

"பேரு எழுதிக்கிறேம்மா. பத்தே நாள்தான்."

"எனக்கு வேணாம் டீச்சர். இந்த வயசுல நான் படிச்சு எந்த ஆபீசுக்குப் போகப் போறேன்? சின்னஞ்சிறுசுக இருக்குக, எழுதிக்கங்க."

"சின்னவங்க எல்லாம் கடலைக் காட்டுக்குப் போயிட்டாங்க. நீங்கதான் வீட்டுல இருக்கீங்க."

"நானும் ஆட்டை அவுத்துக்கிட்டுக் கெளம்புனவதான். நீங்க வந்து மறிச்சுட்டீங்க."

"கல்லுக்குடியிலதான் வகுப்பு. ரெண்டு மைலு. பிரசிடெண்டு ரெங்கசாமி அண்ணன் கொட்டகை குடுத்திருக்காரு. அவரு வீட்டம்மா ராக்காயிதான் மொதப் பேரு."

செவந்தியின் கையிலிருந்த கயிறு நழுவியது. ஆடு தன் போக்கில் போயிற்று. அவள் அதைப் பார்க்கவில்லை.

"கைநாட்டு எங்கிட்டு வைக்கணும் டீச்சர்?" என்றாள்.

ராக்காயி செவந்தியின் சம்பந்தி. செவந்திக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து தங்காமல் போய், நாலாவதாக நின்றவள் அழகி. அவளைத்தான் ராக்காயியின் மகன் நல்லதம்பிக்குக் கொடுத்திருந்தது. நல்லதம்பி அம்மா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவன்; கல்லுக்குடியில் அதைக் குணம் என்றார்கள். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு ஐந்து வகைச் சோறு கிண்டி எடுத்துக்கொண்டு செவந்தி போனாள். வீட்டிலிருந்த அரிசி நாலு சோற்றுக்குத்தான் வந்தது. ஐந்தாவதாகப் புளிச்சோற்றைக் கோதுமை ரவையில் கிண்டி, புளியும் கடலையும் தாராளமாகப் போட்டு, கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நம்பினாள்.

ராக்காயி ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். பந்தல் முழுக்க ஆள்.

"இது என்ன சோறு மதினி?"

"புளிச்சோறு மதினி."

"எதுல?"

ராக்காயி அந்தக் குண்டானை அப்படியே தூக்கிக்கொண்டு போய், வைக்கோல்போர் ஓரமாகக் கட்டியிருந்த மயிலைக்காளையின் முன் கவிழ்த்தாள். காளை தின்றது. ரசித்துத் தின்று, மூக்கை நக்கிக்கொண்டு, இன்னும் உண்டா என்று செவந்தியைப் பார்த்தது. அன்றைக்கு அவள் சமையலைப் பாராட்டிய ஒரே ஜீவன் அதுதான்.

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும், தலைப்பிரசவம் அங்கேதான். ராக்காயி வண்டியின் நுகத்தில் கை வைத்து நிறுத்தினாள். "மாட்டுத் தீவனம் தின்னு எம் பேரன் பொறக்க வேணாம். அவ ஆத்தா எல்லாரு முன்னாலயும் எங் கால்ல விழுந்து கேக்கட்டும். அப்பறம் அனுப்புறேன்."

செவந்தி விழவில்லை. இரண்டு மாதம் ஓடிவிட்டது. அழகிக்கு இப்போது ஒன்பதாம் மாதம்.

அன்று சாயங்காலம் செவந்தியின் புருஷன் மூக்கன் கை கழுவிக்கொண்டே கேட்டான்.

"ரொட்டி படிக்கப் போறியாமே."

"ஆமா."

"நான் ரெண்டு தரம் போயி வாசல்ல நின்னேன். புள்ளையக் கண்ணுல காட்டலை. ஒன்னைய மட்டும் உள்ள விட்டுருவாளாக்கும்."

"நீங்க கேக்கப் போனீங்க. நான் கேக்கப் போகலை."

"பின்ன?"

"அவ மூஞ்சிக்கு முன்னால பத்து நாளைக்கு ஒக்காரப் போறேன்."

"ஒக்காந்து?"

"அதை அங்கிட்டுப் போயித்தான் ரோசிக்கணும்."

மூக்கன் மேலே கேட்கவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவன் கற்றது அவ்வளவுதான், அதைச் சரியாகக் கற்றிருந்தான்.

வகுப்பு நடந்தது உர மூட்டை போட்டுவைக்கும் கொட்டகையில். கொத்தனார் வாசலில் செம்மண்ணும் செங்கல்லும் வைத்து ஒரு ரொட்டி அடுப்பு கட்டியிருந்தார். உருண்டையாக, மேலே ஓட்டையோடு, பார்த்தால் பாம்புப் புற்று. இரண்டாம் நாள் காலையில் அதற்கு யாரோ மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் ஒரு முட்டையும் வைத்திருந்தார்கள். அடைக்கலமேரி முட்டையைப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டு, அதை அன்றைய பன்னுக்கு மேல் தடவினாள்.

ஒன்பது பெண்கள். அமெரிக்க மாவு வந்த சாக்கையே கிழித்து ஆளுக்கொன்றாக இடுப்பில் கட்டக் கொடுத்திருந்தாள் டீச்சர். ஒவ்வொரு சாக்கிலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். வயதில் பெரியவர்கள் இருவரும் சேர்ந்து இருக்கட்டும் என்று செவந்தியையும் ராக்காயியையும் ஒரே மேசையில் நிறுத்தினாள். அவளுக்கு விஷயம் தெரியாது. மற்ற ஏழு பேருக்கும் தெரியும். அவர்கள் வீட்டில் கிடந்த வேலையை எல்லாம் போட்டுவிட்டு ஒரு நாள் தவறாமல் வகுப்புக்கு வந்ததற்கு அதுவே காரணம். வருகைப் பதிவேட்டைப் பார்த்து அடைக்கலமேரி தன் போதனா முறையைப் பற்றிப் பெருமைப்பட்டாள்.

சம்பந்திகள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டியதை மற்றவற்றிடம் பேசினார்கள்.

"டீச்சர், அந்தம்மாளுக்குக் கோதுமை புதுசில்ல. புளி ஊத்திக் கிண்டிப் பழக்கம்னு சொல்லுங்க," என்றாள் ராக்காயி.

"டீச்சர், நான் கிண்டுனதை ஒரு சீவன் மிச்சம் வைக்காமத் தின்னுச்சு. இவுக சுடுறதை எது தின்னுதுன்னு பாப்பமேன்னு சொல்லுங்க," என்றாள் செவந்தி.

"ரெண்டு பேரும் மாவைப் பெசைங்கம்மா," என்றாள் டீச்சர்.

"மாவு பெசையிதோ இல்லையோ, பேச்சு நல்லாப் பெசையிது," என்றாள் அடுத்த மேசை இன்னாசியம்மாள். வகுப்பில் அவள் கற்றுக்கொள்ள வந்தது எதுவுமில்லை. உட்கார்ந்து ரசிக்க ஓர் இடம் அவளுக்குத் தேவையாக இருந்தது.

கொட்டகையின் சன்னல் வழியாகப் பார்த்தால் நாலு வீடு தள்ளி ரெங்கசாமி வீட்டுக் கொல்லை தெரியும். கொடியில் அழகியின் நீலச் சேலை காயும். அதுதான் செவந்திக்குக் கிடைத்த சேதி. சேலை காய்ந்தால் பிள்ளை எழுந்து நடமாடுகிறாள். அவ்வளவு தெரிந்தால் அன்றைக்குப் போதும். ஒரு தடவை அழகியே வேலிப்பக்கம் வந்து, இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு, கொட்டகையைப் பார்த்து நின்றாள். கால் வீங்கியிருந்தது. செவந்தி எட்டிப் பார்ப்பதற்குள் ராக்காயி கொல்லையைப் பார்த்து ஒரு செருமல் செருமினாள். அழகி உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு செவந்தி பிசைந்த மாவு எல்லாருடையதையும்விட நன்றாகப் பதமாகியிருந்தது. கைக்கு வேறு வேலை இல்லாததால் அது மாவோடு போயிற்று.

ஈஸ்ட் என்ற பொருளை இரண்டாம் நாள்தான் டீச்சர் காட்டினாள். ஒரு டின்னில் பழுப்பாக, குறுநொய் மாதிரி இருந்தது.

"இது உயிருள்ள பொருள். இப்ப தூங்கிக்கிட்டு இருக்கு. வெதுவெதுன்னு தண்ணியும் சர்க்கரையும் குடுத்தா முழிச்சுக்கும். முழிச்சு, மூச்சு விடும். அந்த மூச்சுலதான் மாவு பொங்கும்."

ஒன்பது பெண்களும் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"உசுருள்ளதா?" என்றாள் ராக்காயி.

"ஆமாங்க."

"உள்ளுக்குள்ள கெடந்து வளருமா?"

"ஆமாங்க. ஒரு மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வைக்கணும். ஆட்டக் கூடாது, காத்துப் படக் கூடாது."

பத்து மாதத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கினால் அது என்ன என்று அங்கிருந்த எல்லாப் பெண்களுக்கும் புரிந்தது. அதற்கப்புறம் மூடிவைத்த குண்டான்களைத் தாண்டிப் போக வேண்டியிருந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பிறகு ராக்காயி, கொட்டகைக்குக் கூரை போட்ட ஆட்களுக்குக் காப்பி கொடுக்க வீட்டுக்குப் போனாள். அந்த நேரத்தில் டீச்சர் இன்னொன்றும் சொன்னாள். "உப்பு ஒரு சிட்டிகைன்னு சொன்னேன்ல, அவ்வளவுதான். கூடுச்சுன்னா ஈஸ்ட் செத்துரும். மாவு எழும்பாது." செவந்தி அதைக் கேட்டாள். அப்போது அவளுக்கு அது ஒரு சமையல் குறிப்பாகத்தான் பட்டது.

அன்று துணியை விலக்கியபோது ராக்காயியின் மாவு குண்டானின் விளிம்புக்கு மேல் ஏறி நின்றது. செவந்தி நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அடேயப்பா, எம்புட்டுப் பெருசு."

ராக்காயியின் முகம் சட்டென்று சுருங்கியது. சேலை முந்தானையை எடுத்து, கைக்குழந்தையை மூடுவது போலக் குண்டானை மூடினாள். செவந்தி அதைப் பார்த்தாள். பத்து நாள் உட்கார்ந்து என்ன செய்வது என்று ரோசிக்க வந்தவளுக்கு ரோசனை கிடைத்துவிட்டது.

மறுநாளிலிருந்து அவள் சம்பந்தியின் மாவைப் புகழ ஆரம்பித்தாள். தூணைப் பார்த்துப் புகழ்ந்தாள். சாக்கைப் பார்த்துப் புகழ்ந்தாள்.

"டீச்சர், அந்தக் குண்டான்ல இருக்குறதைப் பாருங்களேன். சும்மா தளதளன்னு. வேற யாருக்கும் இப்படி வரலை டீச்சர்."

"ஆமாங்க, நல்லா வந்திருக்கு."

"கண்ணை எடுக்க முடியலை டீச்சர்."

ராக்காயியால் என்ன சொல்ல முடியும்? ஏசினால் திருப்பி ஏசலாம். புகழ்கிறவளை எந்தப் பஞ்சாயத்தில் நிறுத்துவது? அதுவும் பஞ்சாயத்தே அவள் புருஷனாக இருக்கும்போது.

மூன்றாம் நாள் அவள் மாவுக்குள் ஓர் அடுப்புக்கரித் துண்டைப் புதைத்தாள். பலகாரம் வெளியே கொண்டு போகும்போது தூக்கில் கரி போடுவதில்லையா, அது மாதிரி. நாலாம் நாள் ஓர் இரும்பு ஆணியைக் குண்டானுக்கு அடியில் வைத்தாள். ஐந்தாம் நாள் செவந்தி, "இன்னிக்கி நேத்தைய விட அழகு," என்று சாக்கிலிருந்த கைகளிடம் சொன்னபோது, ராக்காயி பின்னால் திரும்பிக்கொண்டு, கை நிறைய உப்பும் மூன்று வரமிளகாயும் எடுத்துக் குண்டானை மூன்று சுற்றுச் சுற்றினாள்.

சுற்றிய உப்பை நெருப்பில் போட வேண்டும். நெருப்பு வாசலில், டீச்சருக்குப் பக்கத்தில் இருந்தது. டீச்சரோ முதல் நாளே மூடநம்பிக்கையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருந்தாள். பிரசிடெண்டு வீட்டம்மா என்ற முறையில் ராக்காயிதான் முதலில் கை தட்டியிருந்தாள். மிளகாயை மடியில் செருகிக்கொண்டாள். உப்பு அவ்வளவையும், வெளியே போட வழியில்லாமல், மாவுக்குள்ளேயே அமுக்கிவிட்டாள்.

செவந்தி ஓரக்கண்ணால் பார்த்தாள். டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. தன் மாவை இன்னும் கொஞ்சம் பிசைந்தாள்.

அன்று ராக்காயியின் மாவு எழும்பவில்லை.

"என்னாச்சுங்க டீச்சர்?"

அடைக்கலமேரி விரலால் அமுக்கிப் பார்த்தாள். "ஈஸ்ட் செத்துப்போச்சும்மா."

"செத்துப்போச்சா?"

"உப்புக் கூடிப்போச்சோ?"

"ஒரு சிட்டிகைதான் போட்டேன். நீங்க சொன்ன அளவு."

அவள் பொய் சொல்லவில்லை. சுற்றிப் போட்ட உப்பு அவள் வரையில் உப்பு இல்லை, வைத்தியம். வைத்தியத்தை யாரும் ருசியில் சேர்ப்பதில்லை. வெந்து வந்த ரொட்டியை டீச்சர் ஒரு துண்டு வாயில் வைத்துவிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள். ஆனால் கொட்டகை பிரசிடெண்டுடையது. டின்னில் ஈரம் பட்டிருக்கும் என்று சொல்லி வைத்தாள்.

ஆறாம் நாள் உப்பு இரண்டு கை ஆயிற்று. ஏழாம் நாளும் மாவு செத்தது. கண் பட்டதால் சாகிறது, சாவதால் இன்னும் உப்பு, உப்புப் போட்டும் சாவதால் கண் ரொம்பக் கொடிது என்று ராக்காயிக்கு ஒவ்வொரு நாளும் நிரூபணம் ஆகிக்கொண்டே வந்தது. முகம் வெளிறிப் போயிற்று. வீட்டில் சோறு சரியாக இறங்கவில்லை என்று இன்னாசியம்மாள் எல்லாருக்கும் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

செவந்திக்கு நன்றாகச் சோறு இறங்கியது. இரண்டு மைலும் கண்மாய்க் கரையில் வெறுங்காலோடு நடந்து வீட்டுக்கு வந்து, மூக்கனுக்குத் தன் ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பாள்.

"எப்படி இருக்கு?"

"மெத்துமெத்துன்னு இருக்கு. எனக்குக் காய்ச்சலா என்ன?"

"சும்மா தின்னுங்க."

"புள்ளையப் பாத்தியா?"

"சேலை காஞ்சுச்சு."

"அவளுக்கு நாளு நெருங்குது செவந்தி. போறவ வாரவ, பேசாம ஒரு தரம் கால்ல விழுந்துட்டுத்தான் வாயேன். கொறஞ்சா போயிருவ?"

செவந்தி அவன் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

பத்தாம் நாள் யூனியன் கமிஷனர் ஜீப்பில் வருவதாக ஏற்பாடு. ரொட்டிகளைப் பார்வையிட்டு, பிரசிடெண்டு வீட்டு ரொட்டியை முதலில் ருசி பார்த்து, நாலு வார்த்தை பேசுவார். ரெங்கசாமி காலையிலேயே சலவை வேட்டி கட்டிக்கொண்டு, மயிலைக்காளைக்குக் கொம்பில் வர்ணம் பூசிக் கொட்டகை வாசலில் கட்டியிருந்தார். காளைக்கும் ரொட்டிக்கும் சம்பந்தமில்லை; ஆனால் ஊரில் காட்டுவதற்கு வேறு எதுவுமில்லை.

அன்றைக்கு ராக்காயி கோழி கூவும்போதே வந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் மாவு பிசைந்து மூடிவிட்டிருந்தாள். உப்பும் தேவைப்படவில்லை. செவந்தி வந்தபோது மாவு நன்றாக எழும்பியிருந்தது. துணி மேடாகத் தெரிந்தது. இத்தனை நாள் பேசியது போதும் என்று செவந்தி நினைத்திருந்தாளோ என்னவோ. ஆனால் அன்று சன்னல் வழியாகப் பார்த்தபோது கொடியில் நீலச் சேலை இல்லை. வேலிக்குள் ஆள் நடமாட்டமும் இல்லை. யாரைக் கேட்பது? செவந்தி மேசைக்கு வந்தாள். துணியை அவளே விலக்கினாள். அத்தனை நாளில் மெதுவாகச் சொல்லி வந்ததை அன்றைக்கு எல்லார் காதிலும் விழச் சொன்னாள்.

"அடியாத்தீ. நெறமாசப் புள்ளத்தாச்சி வயிறு கணக்கா இல்ல இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் எந்தப் பிள்ளைத்தாச்சி என்பது அவளுக்கே உறைத்தது. அதற்குள் சொல் போய்விட்டது.

ராக்காயி சட்டென்று உப்புச் சட்டியை இழுத்தாள். இரண்டு கை உப்பை யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் மாவில் கொட்டிப் பிசைந்தாள். ஒரு கரித்துண்டையும் திணித்தாள். டீச்சர் ஜீப்புக்காக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரொட்டிகள் அடுப்புக்குப் போயின. செவந்தி வாசலில் செம்மண் தரையில் நின்று, நீளக் கட்டையால் தட்டுகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். அப்போது குதிகாலில் ஏதோ ஊர்ந்தது. எறும்பென்று நினைத்துக் காலை ஊன்றினாள். எறும்பு "ஸ்" என்றது.

குனிந்து பார்த்தாள். பின்னால் ராக்காயி தரையில் மண்டியிட்டிருந்தாள். நாலு விரல் செவந்தியின் குதிகாலுக்கு அடியில்.

கண் வைத்தவர்களுடைய காலடி மண்ணை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்து, மிளகாயோடு சுற்றி நெருப்பில் போட்டால் திட்டி கழியும். அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கைவைத்தியம். தெரியாமல் எடுக்க வேண்டும் என்பதுதான் அதில் கஷ்டம்.

"காலை எடு," என்றாள் ராக்காயி, பல்லைக் கடித்துக்கொண்டு. இரண்டு மாதத்தில் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"யாரைச் சொல்றீங்க மதினி?"

"ஒன்னையத்தான்டி. காலை எடு."

"ஒங்க கை எங் காலுக்கு அடியில வந்திருக்கு. என்ன சோலியா வந்துச்சுன்னு சொல்லட்டும், எடுக்கிறேன்."

கொட்டகைக்குள்ளிருந்த ஏழு பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இன்னாசியம்மாள் முன்னால் நின்றவளைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னாள்.

"ஜீப்பு வருது செவந்தி."

"வரட்டும். எனக்கென்ன அவசரம்?"

"ரொட்டிக்குன்னு நெனச்சியா? ரொட்டி நாசமாப் போகட்டும். எம் பேரப்புள்ளைக்குத்தான் எடுக்கிறேன். ராத்திரியெல்லாம் இடுப்பு வலிக்கிதுன்னு கெடந்தா. எந்திரிக்கலை. நீ காலையில வந்து என்ன வார்த்தை சொல்லிட்ட."

செவந்தியின் கால் ஒரு கணம் லேசாயிற்று. உடனே மறுபடியும் ஊன்றினாள், முன்னைவிட அழுத்தி.

"மண்ணுதானே? கேட்டா ஒரு கூடை வாரித் தந்திருப்பேன். நாளைக்கிக் காலையில எம் மக எங்க வீட்டு வாசல்ல எறங்கணும். நீங்களே கொண்டாந்து விடணும்."

"கால்ல விழுந்து கேக்கச் சொன்னேன் ஒன்னைய."

"யாரோ ஒருத்தி விழுந்தாச்சு. யாருன்னு ஜீப்புல வாரவுக பாத்துக்கட்டும்."

ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது. ராக்காயி கையை இழுத்துப் பார்த்தாள். ஐம்பத்துமூன்று வருஷம் வெறுங்காலோடு நடந்த கால் அது.

"அனுப்புறேன்."

"எல்லாருக்கும் கேக்கட்டும்."

"அனுப்புறேன்டி, அனுப்புறேன். நாளைக்கிக் காலையில."

செவந்தி காலை எடுக்கத்தான் போனாள். ஆனால் ஜீப் வந்து நின்று, புழுதி அடங்கி, கமிஷனர் இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்க்கும்வரை அவளுக்குக் காலை எடுப்பது என்னவோ சிரமமாக இருந்தது.

கமிஷனர் பார்த்தார். அவர் பின்னால் வந்த ரெங்கசாமியும் பார்த்தார். மஞ்சள் பூசிய அடுப்புக்கு முன்னால் ஒருத்தி நிமிர்ந்து நிற்க, பிரசிடெண்டு மனைவி அவள் காலடியில் கிடந்தாள்.

"படிப்பு முடியுதுன்னா மூத்தவங்க காலைத் தொட்டுக் கும்பிடுறாங்க," என்றார் கமிஷனர். "நல்ல பழக்கம். இதைத்தான் நாம காப்பாத்தணும்." நோட்டில் குறித்துக்கொள்ளும்படி உதவியாளரிடம் சொன்னார்.

ராக்காயி எழுந்தாள். கையில் ஒரு பிடி செம்மண். அதை மடியில் முடிந்துகொண்டு யாரையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

வெந்து வந்ததும் ராக்காயியின் ரொட்டியைத்தான் கமிஷனர் முதலில் கடித்தார். முதல் கடி இறங்கவில்லை. இரண்டாவது கடியில் கரி. "உறுதியா இருக்கு," என்றார். தண்ணீர் கேட்டார். மறுபடியும் தண்ணீர் கேட்டார். அவர் போனதும் மிச்சத்தை ரெங்கசாமி காளையின் முன் எறிந்தார். மயிலை முகர்ந்தது. மூக்கைச் சுளித்துத் திரும்பி, வர்ணம் பூசிய கொம்பால் அதைத் தள்ளிவிட்டது. செவந்தி அதைப் பார்ப்பதற்காகவே நின்றாள். பார்த்துவிட்டு, சாக்கை அவிழ்த்து உதறி மடித்து, டீச்சரிடம் கொடுத்தாள்.

"நல்லாப் படிச்சீங்கம்மா," என்றாள் அடைக்கலமேரி. "சர்ட்டிபிகேட்டு அடுத்த மாசம் வரும்."

"எனக்கு வந்துருச்சு டீச்சர்," என்றாள் செவந்தி.

மறுநாள் வெயில் ஏறுமுன் வண்டி வந்தது. ரெங்கசாமி வரவில்லை. நல்லதம்பி மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். உள்ளே அழகி, அவள் இடுப்பில் வேப்பிலை, கையில் ஓர் இரும்புத் துண்டு, பக்கத்தில் கரி போட்ட பலகாரத் தூக்கு. முன்னால் ராக்காயி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை. காளையிடம் பேசினாள்.

"மயிலை, கொண்டாந்து விட்டாச்சுன்னு சொல்லு."

மூக்கன் ஓடிவந்து மகளைக் கைத்தாங்கலாக இறக்கினான். புங்கவயலில் வீட்டிலிருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து நின்றார்கள். செவந்தி நினைத்து நினைத்து வைத்திருந்த நேரம் அதுதான்: ஊர் பார்க்க, அவள் வந்து இறக்கிவிட, தான் பேசாமல் நிற்பது. நின்றாள். எல்லாம் நினைத்தபடியே நடந்தது.

"ஆத்தா," என்றாள் அழகி.

"வா தாயி."

"என்னையப் பாரேன் ஆத்தா. ஏன் சக்கரத்தையே பாக்குற?"

செவந்தி வண்டிச் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் தூக்கினால் முதலில் படுவது அந்த வயிறு. இரண்டு மாதமாகக் கொடியில் கிடந்த சேலையை வைத்து அளந்துகொண்டிருந்த வயிறு, இரண்டு முழ தூரத்தில் நின்றது. மாவு செத்தது உப்பினால்தான். டீச்சர் சொன்னதை அவள் தன் காதால் கேட்டிருந்தாள். உப்பு விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்திருந்தாள். கல்லுக்குடி, புங்கவயல் இரண்டிலும் அதை நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவள். ஆனாலும் கண்ணைத் தூக்க வரவில்லை. மூன்று பிள்ளைகள் போன வீடு. நேற்றுச் சொன்ன வார்த்தை, சொன்னவள் வாசலிலேயே வந்து இறங்கி நிற்கிறது.

அவள் குனிந்தாள். தன் குதிகாலடி மண்ணைத் தானே எடுக்கப் பார்த்தாள். ஒற்றைக் காலைத் தூக்கினாள், உடம்பு ஆடியது. மறு காலைத் தூக்கினாள். வண்டிச் சட்டத்தைப் பிடிக்க வேண்டியதாயிற்று. தன் காலடி மண்ணைத் தானே அள்ளுவது, ஐம்பத்துமூன்று வயதில், சுலபமாக இல்லை. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

ராக்காயி வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்தாள். செவந்தியின் பின்னால் மண்டியிட்டாள்.

"காலை எடு," என்றாள்.

செவந்தி உடனே எடுத்தாள்.

ராக்காயி மண்ணை அள்ளி, மடியிலிருந்து வரமிளகாயை எடுத்துச் சேர்த்து, மருமகளை மூன்று தரம் சுற்றினாள். "உப்பு," என்று கையை நீட்டினாள். மூக்கன் உள்ளே ஓடி உப்புச் சட்டியைக் கொண்டுவந்தான். சுற்றி முடித்து, உள்ளே போய் அடுப்பில் போட்டபோது மிளகாய் நெடி துளிகூட எழவில்லை. பலமான கண் என்பதற்கு அதுதான் அடையாளம். ராக்காயி அதைப் பார்த்து, தான் அத்தனை நாள் நம்பியது சரிதான் என்பது போலத் தலையை ஆட்டினாள்.

"அஞ்சாறு நாளா நானும் உப்பை அள்ளி அள்ளி மாவுக்குள்ள போட்டேன்," என்றாள், அடுப்பைப் பார்த்தபடி. "ஒண்ணுக்கும் கேக்கலை. அம்புட்டுக் கண்ணு. உப்பே தோத்துப்போச்சு."

அவள் முகத்தில் பயம் அப்படியே இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அது போய்விடும். செவந்தியின் பயமும் கொஞ்சம் போய்விடக்கூடும். செவந்தி மகளைக் கட்டிலில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, இன்னும் வயிற்றைப் பார்க்காமல், வீங்கிய பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உப்பைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.